என் மாமியார் நின்ற சோளக்கொல்லை

காளான் குலத்தில் பிறந்தவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்கள் ஊரில் குலத்துக்குக் குலம் உரிய உயிர் ஒன்று உண்டு; அதை அடிக்கக் கூடாது, தின்னக் கூடாது, உடன்பிறப்பாக நினைக்க வேண்டும், அவ்வளவுதானே? காளான் யார் கொல்லையிலும் புகுந்து சோளக்கதிரை முறிக்காது. நான் குரங்குக் குலம்.

என் மனைவி இதைக் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததால் ஊரில் என்னை சாலோங்கோ என்றும் அவளை நாலோங்கோ என்றும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் அவள் வாயில் அந்த மரியாதை வேறு மாதிரி வெளிவரும்.

"சாலோங்கோ, உங்க சொந்தக்காரங்க வந்திருந்தாங்க. தண்ணிகூடக் கேக்கல, நேரா சோளத்துக்குப் போயிட்டாங்க."

மார்ச் மாதம் முதல் மழைக்கு அவள் விதை போட்டாள். நடுவில் பீன்ஸ், ஓரத்தில் பூசணி, வாழைத்தோப்புப் பக்கமாக மரவள்ளி. களை எடுப்பது, மண் அணைப்பது எல்லாம் அவள்தான். என் வேலை காவல். பலா மரத்தடியில் முக்காலி போட்டு, பக்கத்தில் ஒரு தகர டப்பாவும் குச்சியும் வைத்துக்கொண்டு, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். ஏழு மணிக்குப் பப்பாளி மரத்தில் இருவாச்சி ஜோடி. எட்டரைக்குச் சதுப்பில் கொண்டை நாரைகள் ஆறு. அதில் இரண்டு கூத்தாடின. தூக்கணாங்குருவி எந்த ஓலையைக் கிழிக்கிறது, பெண் குருவி எந்தக் கூட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கும். குரங்குகள் வந்தால் டப்பாவைத் தட்டுவேன். அவை ஓடும். சில நாள் குருவியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் தட்ட மறந்துவிடுவேன். மனிதன்தானே.

மே மாதம் கதிர்களில் பால் ஏறியதும் தொல்லை அதிகமானது. ஒருநாள் காலை நாலோங்கோ கொல்லையைச் சுற்றிவிட்டு வந்து என் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இத பாருங்க. இனிமே ஒரு வரிசை சோளம் போச்சுன்னா கசூலெயக் கூப்பிடுவேன்."

கசூலெ கம்பிக் கண்ணி வைப்பவன். அவன் குலம் மீன். குரங்கு மாட்டினால் மண்டையில் ஒரே போடு போட்டு, தோலை மசாக்கா நகரத்தில் விற்றுவிடுவான்.

"என் கொல்லையில என் கூடப்பொறந்ததையா?" என்றேன்.

"கொல்லை என்னோடது. நீங்க முக்காலிக்குத்தான் சொந்தக்காரர்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. போன வருஷம் கசூலெ பக்கத்து மலைச்சரிவில் வைத்த கண்ணியில் மாட்டி, கம்பியை அறுத்துக்கொண்டு தப்பியவள். இந்த வருஷம் வயிற்றில் ஒரு குட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். மற்றவை கதிரை முறித்து, உரித்து, பாதி தின்று எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போகும். இவளால் ஒரு கையால் முறிக்க முடியாது. ஓரத்தில் உட்கார்ந்து மற்றவை எறிந்ததைப் பொறுக்குவாள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. தினமும் சாயங்காலம் நானே ஒரு நல்ல கதிராகப் பார்த்து திருகி எடுத்து, உரித்து, கொல்லைக்கு வெளியே இருந்த கரையான் புற்றின் மேல் வைத்துவிட்டு நாக்கைச் சொடுக்குவேன். க்ளொக், க்ளொக். அக்கா வருவாள். அவளுக்கு நான் வைத்த பேர் அதுதான்.

நாலோங்கோவுக்கு இது தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கசூலெயின் பேச்சை அவள் எடுத்த மறுநாள் காலை கொல்லையைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன். சோளத்துக்கு நடுவில் என் மாமியார் நிற்கிறார்! தோள் இரண்டும் கூராக நிமிர்ந்த மஞ்சள் கோமெசி அங்கி, இடுப்பில் அகலமான பச்சைப் பட்டுக் கச்சை. அப்படியே வாழைத்தோப்புக்குள் பாய்ந்தேன். மாமியார் எதிரில் மாப்பிள்ளை நிற்கலாமா? அவரைத் தொட்டாலோ, அவர் உடுத்திய துணியைத் தொட்டாலோ கைநடுக்கம் வரும். எங்கள் ஊர்ச் சாவடிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தெரியாமல் மாமியார் பாவாடையைக் கொடியிலிருந்து எடுத்துவிட்டு, இன்றைக்கும் தேநீரைப் பாதிக் கோப்பைதான் வாங்குவார்.

வாழை மறைவிலிருந்து கூர்ந்து பார்த்தபோதுதான் தலை இருக்க வேண்டிய இடத்தில் சுரைக்குடுக்கை இருந்தது தெரிந்தது.

"நாலோங்கோ! அது யாரோட துணி?"

"அம்மா போன தடவ விட்டுட்டுப் போன பழசு. பொம்மைக்குக் கட்டியிருக்கேன். ஏன், அழகா இல்லையா?"

"அவங்க உடுத்தினதா?"

"பின்ன, கடையில புதுசு வாங்கியா பொம்மைக்குக் கட்டுவாங்க?"

அவள் அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து சோளக்கொல்லையில் என் கால் படவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு வாழைத்தோப்பு ஓரமாகக் காவலை மாற்றிக்கொண்டேன்.

குரங்குகள் இரண்டு நாள் பொம்மையைப் பார்த்து மிரண்டன. மூன்றாம் நாள் கிழட்டு ஆண் ஒன்று வந்து அதை முகர்ந்தது. அதன் பிறகு அவை என்னைக் கவனிக்க ஆரம்பித்தன. நான் கவனிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; நோட்டு இல்லாமலே அவை என்னைவிட நன்றாகக் கவனித்தன. கொல்லையைச் சுற்றி எங்கே வேண்டுமானாலும் இந்த மனிதன் டப்பாவோடு ஓடி வருவான். அந்த மஞ்சள் துணி பக்கம் மட்டும் வரமாட்டான். இதைக் கண்டுபிடிக்க அவற்றுக்கு ஒரு வாரம் ஆயிற்று. அப்புறம் மொத்தக் கூட்டமும் என் மாமியார் காலடியில் குடியேறிவிட்டது. நான் தொண்டை கிழியக் கத்துவேன். அவை கதிரைக் கடித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்க்கும். அக்காவின் குட்டி பொம்மையின் கையில் ஏறி, தோளில் உட்கார்ந்து பட்டைப் பிடித்து இழுத்து விளையாடும்.

பொம்மையை எடுத்துவிடு என்று மனைவியிடம் சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். அங்கேதான் குரங்குகள் இருக்கின்றன என்றால், கசூலெக்குக் கண்ணி வைக்க இடம் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். சோளத்தை எத்தனை நாள் மூடி வைக்க முடியும்? வியாழக்கிழமை அவளே போய்ப் பார்த்துவிட்டாள். பொம்மையைச் சுற்றி ஒரு வரிசை மொட்டையாக நின்றது.

"சனிக்கிழம காலைல கசூலெ வரான். சொல்லி அனுப்பிட்டேன்."

"நாலோங்கோ, இன்னும் ஒரு வாரம் குடு."

"ஒரு வாரத்துல உங்க அக்கா தங்கச்சிங்க தட்டையைக்கூட விடமாட்டாங்க."

அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. மட்டோக்கே வாழைக்காய் மசியலை நிலக்கடலைக் குழம்பில் புரட்டிக்கொண்டே இருந்தேன். அந்தக் குட்டிக்கு எத்தனை கை மிஞ்சும் என்றுதான் யோசனை ஓடியது.

வெள்ளிக்கிழமை மதியம் வாசலில் வாடகை பைக் ஒன்று வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கியவர் என் மாமியார் ஃபெலிசித்தா, உடம்போடு உயிரோடு. நான் வழக்கப்படி வாழைத்தோப்புக்குள் போய்விட்டேன். அவர் கட்டியிருந்தது மஞ்சள் கோமெசி. அவருக்கு அந்த நிறம்தான் பிடிக்கும், நான்கைந்து வைத்திருக்கிறார்.

வீட்டுக்குள் போகும் வழியில் அவர் கண் கொல்லைப் பக்கம் போனது.

"அடியே! அங்க நிக்கறது நானா?"

"அம்மா, அது பழசும்மா..."

"பழசா! உன் ஞானஸ்நானத்துக்குக் கட்டினதுடி அது! சுரைக்குடுக்கைத் தலையா எனக்கு?"

கைப்பையை மகளிடம் எறிந்துவிட்டு நேராகச் சோளத்துக்குள் நடந்தார். குரங்குகள் அங்கே தின்றுகொண்டிருந்தன. மஞ்சள் கோமெசியைக் கண்டு ஒன்றுகூட நகரவில்லை. அவற்றின் கணக்கில் அது அடைக்கலம். இன்றைக்கு இரண்டாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். மாமியார் சோளத்தட்டைகளுக்கு நடுவில் எதையும் கவனிக்காமல், கோபத்தோடு பொம்மையின் பட்டை அவிழ்க்கத் தொடங்கினார். பொம்மையின் தோளில் உட்கார்ந்திருந்த குட்டி மெதுவாக அவர் தோளுக்கு மாறியது.

மாமியார் கல்லாக நின்றுவிட்டார். இரண்டடி தள்ளி அக்கா எழுந்து பல்லைக் காட்டினாள். குட்டிக்கு ஆபத்து என்று நினைத்துவிட்டால் அவள் பாய்ந்து கடிப்பாள். எனக்குத் தெரியும்.

"மாப்பிள்ள," என்றார் மாமியார், உதட்டை அசைக்காமல். "வாழைக்குப் பின்னாடி நிக்கறது தெரியுது. என் தோள்ல யாரு?"

"அம்மா, அசையாதீங்க. குட்டிதான்."

"வந்து எடுங்க."

"நான் எப்படிம்மா வருவேன்?"

"ஆமா, வராதீங்க. வந்தீங்கன்னா நடக்கறதே வேற. வராமலே எடுங்க!"

நாலோங்கோ சமையலறை வாசலில் கைப்பையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைச் செய்தால் திருட்டு அம்பலம். செய்யாவிட்டால் மாமியார் காது போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு நாக்கைச் சொடுக்கினேன். க்ளொக், க்ளொக்.

அக்கா தலையைத் திருப்பினாள். புற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பல் உள்ளே போயிற்று. குட்டியை நோக்கி ஒரு முனகல். குட்டி மாமியார் தோளிலிருந்து குதித்து அவள் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. இரண்டும் புற்றை நோக்கிப் போயின.

அவை எட்டிப் போனதும் என் மாமியார் வாயைத் திறந்தார். அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை. அவிழ்த்த பச்சைப் பட்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு அவர் ஓட, மூன்று வாரமாக வாய் திறக்காத மஞ்சள் துணி கத்திக்கொண்டு துரத்துவதைக் கண்டு மொத்தக் கூட்டமும் சதுப்பு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் பறந்தது. கொண்டை நாரைகள்கூட எழும்பிப் போய்விட்டன.

பிறகு பஞ்சாயத்து. மாமியார் வீட்டுக்குள் பாயில், நான் சுவருக்கு வெளியே முக்காலியில்.

"மாப்பிள்ள, அந்தக் குரங்கு உங்களுக்கு என்ன வேணும்?"

"உடன்பிறப்பும்மா."

"அப்ப உங்க தம்பி என் மேல ஏறியிருக்கான். முறை கெட்டுப் போச்சு. ஒரு ஆடு அபராதம் வைங்க."

"வைக்கிறேம்மா."

"இன்னொண்ணு. அவங்க எனக்கு மாப்பிள்ளை முறை. மாப்பிள்ளைங்களுக்கு எவளாவது கண்ணி வைப்பாளாடி?" இது மகளுக்கு. "நாளைக்கு வரவனைத் திருப்பி அனுப்பு."

நாலோங்கோ சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்தாள். எனக்குப் பக்கத்தில் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"குரங்கு கதிரை முறுக்கித் திருகாது. பிய்க்கும். தினம் ஒரு கதிரு மட்டும் அழகா திருகி எடுத்திருந்துச்சு. அம்மா துணியை நான் குரங்குக்கா கட்டினேன்னு நினைச்சீங்க?"

நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கசூலெ வந்தான். தேநீர் குடித்தான். முறை பற்றிய விளக்கத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு, கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பொம்மை மறுபடி நின்றது. மாமியாரே பட்டைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். அது கத்தும் என்று தெரிந்துகொண்ட குரங்குகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மிச்சச் சோளம் பிழைத்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் சாயங்காலம் புற்றின் ஓரத்தில் அக்கா மட்டும் தனியாக வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தபோது, கை வெறுமையாக இருந்தது எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. அந்தக் கொல்லைக்குள் நான் போக முடியாதே.

நாலோங்கோ அடுப்படியிலிருந்து இரண்டு கதிரோடு வந்தாள்.

"சுட்டது உங்களுக்கு. பச்சையை நாத்தனாருக்கு வைங்க. நான் எதையும் பாக்கல."

"அவளுக்கு ஒரு கைதான்," என்றேன். "உரிச்சு..."

"வாங்கிப் பாருங்க மொதல்ல."

வாங்கிப் பார்த்தேன். ஒரு நார்கூட ஒட்டாமல் சுத்தமாக உரித்திருந்தாள்.