ரெமியா கொடுத்த இரண்டு பேட்டிகள்

வீடியோவில் ரெமியா சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள் கண்ணில் உறுத்தியது அதுதான். அன்றைக்கு அந்தக் கேமராவுக்கு முன்னால் தான் ஒரு தடவைகூடச் சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை.

"எட்டு வருஷமா ஆடுறேன். இப்படி ஒன்னை நான் பார்த்ததே இல்ல. கிராபிக்ஸ் பிரமாதம்!" என்றாள் வீடியோ ரெமியா. பின்னால் இசை துள்ளியது. சாம்பல் நிறப் பள்ளத்தாக்கில் இயந்திரச் சிலந்திகள் வெடித்துச் சிதறின. பிறகு எழுத்துகள் வந்தன: 'ஒன்பதாம் நிலவு – பாகம் இரண்டு. சனிக்கிழமை வெளியீடு. ஆடிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்!'

செல்போனைக் கொண்டுவந்து காட்டிய டிட்டிங், அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடைக் கவுன்டரில் சாய்ந்துகொண்டு அவள் முகத்தையே பார்த்தான். அவன் சவாரி ஏற்றும் டிரைசிக்கிள் ஓட்டுபவன். ஐந்து பேர் கொண்ட அவர்கள் வீடியோ கேம் டீமில் வாய் அதிகம் உள்ளவனும் அவன்தான்.

"நான் இதைச் சொல்லல" என்றாள் ரெமியா.

"குரல் உங்களுதுதானே, மனாங்?" என்றான். எங்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"குரல் என்னுதுதான். வெட்டி ஒட்டியிருக்காங்கடா, பாவிங்க. அந்தச் சிரிப்பு, அன்னிக்குக் காலையில ஹோட்டலுக்குள்ள நுழையறப்ப நீ செருப்பு பிஞ்சு நின்னியே, அப்ப சிரிச்சது!"

இருமல் மருந்துக்காக நின்றிருந்த ஒரு கிழவர், எதற்கு வம்பு என்று அடுத்த கவுன்டருக்கு நகர்ந்தார்.

"ஜோபெர்ட் பார்த்துட்டானா?" என்று கேட்டாள். பதிலுக்கு டிட்டிங் வீடியோவை மூடிவிட்டு, டீமின் அரட்டைப் பக்கத்தைத் திறந்து நீட்டினான். கடைசிச் செய்தி ஜோபெர்ட்டுடையது. 'நல்லா பேசியிருக்கீங்க, மனாங்.' அவ்வளவுதான். ஒரு வசவு இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

நடந்தது இதுதான். போன செவ்வாய்க்கிழமை, கேம் வெளிவருவதற்கு முன்பே ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று சுற்றுவட்டாரத் தீவுகளின் டீம்களை எல்லாம் இலோயிலோவில் ஒரு ஹோட்டல் ஹாலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நூற்றைம்பது பேர். இலோயிலோ டீமுக்குத் தலைவி ரெமியா என்றாலும், அதன் உயிர் ஜோபெர்ட்தான். ஐஸ் தொழிற்சாலையில் வேலை. பத்தொன்பது வயதில் ஐஸ் உடைக்கும் இயந்திரம் அவனுடைய இடது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. வலது கையில் பன்னிரண்டு பொத்தான் வைத்த மவுஸ், காலடியில் தையல் மெஷின் பெடல்கள் இரண்டு. நடப்பதும் திரும்புவதும் காலில், சுடுவது கையில். முதல் பாகத்தை ஆறு வருஷம் அப்படித்தான் ஆடினான். லீக் போட்டிகளில் ஒவ்வொரு வருஷமும் நடுவர்கள் அந்தப் பெடல்களைப் பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை.

அன்றைக்கு இருபதாவது நிமிஷம் அவன் ஸ்கிரீன் கறுத்தது. ஹாலின் நடுவே தொங்கிய பெரிய ஸ்கிரீனில் ஒரு சிவப்பு வரி வந்தது. 'மோசடிக் கருவி கண்டுபிடிக்கப்பட்டது. ஆட்டக்காரர்: ஜோபெர்ட். நிரந்தரத் தடை.' பாகம் இரண்டில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கப் புதிதாக ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்களாம். தெரியாத வயர் எதைப் பார்த்தாலும் அதற்குத் திருட்டு வயர்தான்.

பக்கோலோட் டீமின் தலைவன் ரோவெல் எழுந்து நின்று கைதட்டினான். மூன்று வருஷமாக ஜோபெர்ட்டிடம் தோற்றுக்கொண்டிருப்பவன். "அதானே பார்த்தேன்! ஒத்தைக் கையை வெச்சுக்கிட்டு எப்படிடா ஜெயிக்கிறான்னு!" ஹால் முழுக்கச் சிரித்தது. சிலர் ஊளையிட்டார்கள்.

ஜோபெர்ட் குனிந்து பெடல் வயர்களை ஒற்றைக் கையால் சுருட்டினான். அதற்கு நேரம் பிடித்தது. அத்தனை நேரமும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மணிலாவிலிருந்து வந்திருந்த விளம்பர அதிகாரி பாவ்லோவின் கழுத்தைப் பிடிக்காத குறையாக ரெமியா கேட்டாள். "தானா நடக்கறது மேடம். அதுல யாரும் கை வைக்க முடியாது. ஆய்வுக்கு அனுப்பறோம், மாசக்கணக்கா ஆகலாம்" என்றார் அவர். கேம் வெளியாகும் சனிக்கிழமை அந்தத் தடைப்பட்டியலை உலகமே பார்க்கும். அதில் பெயர் இருப்பவனை லீக்கில் சேர்க்க மாட்டார்கள். அதைவிட, ஜோபெர்ட்டுக்கு இருந்த ஒரே சொத்து, ஒற்றைக் கையோடு நியாயமாக ஜெயித்தவன் என்ற பெயர். அதில் சேற்றை வாரி இறைத்துவிட்டு, ஆய்வாம்.

அந்தக் கொதிப்போடுதான் அவளைக் கேமரா முன் உட்காரவைத்தார்கள். அவளும் விடவில்லை. "எட்டு வருஷமா ஆடுறேன். இப்படி ஒன்னை நான் பார்த்ததே இல்ல. கை இல்லாதவனைத் திருடன்னு சொல்ற மெஷினை எவன்யா செஞ்சான்? கிராபிக்ஸ் பிரமாதம்னா ஆச்சா? மனுஷனை மதிக்கத் தெரியாத கேமை யாருக்குய்யா விக்கறீங்க?" என்று பொரிந்து தள்ளினாள். கேமராக்காரன் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தான். முடிந்ததும், "உங்க ஊர்ப் பேச்சே தனி மேடம், தேன் மாதிரி" என்றான். மணிலாக்காரர்களுக்கு எங்கள் இலோயிலோப் பேச்சு எப்போதும் கொஞ்சல்தான். நாங்கள் கழுத்தை நெரித்தாலும் தாலாட்டுப் பாடுகிறோம் என்றே நினைப்பார்கள். அந்தக் குரலை வைத்துத்தான் அவளை இப்போது விற்றிருக்கிறார்கள்.

இதில் அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டிய ஒன்று உண்டு. கேம் நன்றாகவே இருந்தது. நிலவின் எடை குறைந்த தாவல், கண்ணாடியில் படியும் தூசி, தோளில் வந்து இடிக்கும் துப்பாக்கி எல்லாமே முதல் பாகத்தை விட ஒரு படி மேல். மோசமான கேம் என்றால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம்.

அவள் ஜோபெர்ட்டை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அடுத்து பாவ்லோவை அழைத்தாள்.

"வீடியோ அருமையா வந்திருக்கு மேடம்!" என்றார் அவர், எடுத்த எடுப்பில்.

"நான் சொன்னதையா போட்டிருக்கீங்க?"

"நீங்க சொன்ன வார்த்தைதானே எல்லாம்? கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்கீங்களே. சனிக்கிழமை மால்ல வெளியீட்டு விழா. உங்க டீமும் பக்கோலோட்டும் மேடையில ஆடறீங்க, நேரடி ஒளிபரப்பு. அஞ்சாவது ஆளுக்கு நாங்களே ஒருத்தரைக் குடுத்துடறோம். இலோயிலோவோட முகமே நீங்கதான் மேடம்!"

ரெமியா டிட்டிங்கை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "ஆள் வேண்டாம். நாலு பேராவே வர்றோம்" என்றாள்.

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்ட டிட்டிங்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெக்கமா இல்ல உங்களுக்கு? அவனை அப்படிப் பண்ணிட்டு, அவனுங்க மேடையிலயே போய் ஆடப் போறீங்களா?"

"டிட்டிங், ஜோபெர்ட்டுக்கு முதல் பெடலைப் பற்றவைச்சுக் குடுத்தது யாரு?"

"நான்தான். இப்ப அதுக்கென்ன?"

"இன்னும் நாலு ஜோடி வேணும். சனிக்கிழமைக்குள்ள."

அவன் ஒரு நிமிஷம் அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு, செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக, வாயெல்லாம் பல்லாக, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை மதியம் மாலில் காலூன்ற இடமில்லை. மேடையில் பக்கோலோட்டுக்கு ஐந்து நாற்காலி, இலோயிலோவுக்கு ஐந்து நாற்காலி. அதில் ஒன்று காலி. ஆட்டக்காரர்கள் தங்கள் மவுஸையும் கீபோர்டையும் தாங்களே கொண்டுவருவது வழக்கம் என்பதால், பைக்குள் என்ன இருக்கிறதென்று ஒருவரும் பார்க்கவில்லை. ரெமியா, டிட்டிங், டீமின் மற்ற இருவரான கிகராயா சகோதரர்கள் என நான்கு பேரும் மேஜைக்கடியில் பெடல்களை வைத்தார்கள். கீபோர்டுகளை எடுத்து உறைக்குள் போட்டார்கள். இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. இலோயிலோவின் முகம் நேராக நடந்து போய்ச் சுவரில் முட்டியது. திரும்ப முயன்றாள், தலைகுப்புறப் பள்ளத்தில் விழுந்தாள். டிட்டிங் ஒரே இடத்தில் வட்டமடித்தான். கிகராயாக்களில் மூத்தவன் இளையவனைச் சுட்டுவிட்டான். கூட்டம் முதலில் முணுமுணுத்தது, பிறகு ஊளையிட்டது. "வீடியோவுல பேசத்தான் லாயக்கு!" என்று யாரோ கத்தினார்கள். ரெமியாவின் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. மிதித்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது, கொஞ்சமாக மிதிப்பது எப்படியென்று தெரியவே இல்லை. இதை வைத்துக்கொண்டா அவன் ஜெயித்தான்? ஆறு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்த நினைப்பில் கோபம் இன்னும் ஏறியது, பாதி தன்மேலேயே.

பதினேழாவது நிமிஷம் அவள் பதினோராவது தடவையாகச் செத்துக் கிடந்தபோது ஸ்கிரீன் கறுத்தது. மேடைக்கு மேலே, ஆளுயர எழுத்தில் சிவப்பு வரி வந்தது.

'மோசடிக் கருவி கண்டுபிடிக்கப்பட்டது. ஆட்டக்காரர்: ரெமியா. நிரந்தரத் தடை.'

அடுத்து டிட்டிங். அடுத்தடுத்துச் சகோதரர்கள் இருவரும். பக்கத்திலேயே புள்ளிக் கணக்கு இருந்தது: எதிரிகளில் வீழ்த்தியது பூஜ்யம், செத்தது நாற்பத்து மூன்று.

முன்வரிசையில் ஒரு பெண்தான் முதலில் சிரித்தாள். "மோசடி பண்ணியுமா இந்த லட்சணம்?" பிறகு மால் முழுக்கச் சிரிப்பு. செவ்வாய்க்கிழமைச் சிரிப்பு வேறு, இது வேறு. இது அந்தச் சிவப்பு வரியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

பாவ்லோ வியர்வையோடு மேடைக்கு ஓடிவந்தார். ஒரு காதில் செல்போன். யாரிடமோ கெஞ்சினார், அதட்டினார். சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. "தப்பு நடந்துபோச்சு மேடம், சரிபண்ணியாச்சு. நாலு பேரும் இப்பவே ஆடலாம்" என்றார்.

ரெமியா எதிர்ச்சுவரின் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. யாரும் கை வைக்க முடியாத விஷயத்துக்கு ஒன்பது நிமிஷம்.

"ஜோபெர்ட்?"

"அது வேற மேடம். ஆய்வுல இருக்கு."

"அப்ப எங்க பேரை எங்க இருந்துச்சோ அங்கயே போடுங்க."

"மேடம், நேரடி ஒளிபரப்பு ஓடிட்டிருக்கு. எல்லாம் சரியாயிடுச்சுன்னு ரெண்டு வார்த்தை மட்டும் சொல்லிடுங்க, ப்ளீஸ்."

மைக் அவள் கைக்கு வந்தது. அறிவிப்பாளன் பல்லைக் காட்டிக்கொண்டு, "சின்னத் தடங்கல், அவ்வளவுதான்! ரெமியா, பாகம் இரண்டைப் பத்தி உங்க கருத்து?" என்றான்.

"ஜோபெர்ட் மோசடிக்காரன் இல்ல."

"ஹா ஹா... சரி, அந்தப் புது நிலவு, புது ஆயுதமெல்லாம் எப்படி?"

"ஜோபெர்ட் மோசடிக்காரன் இல்ல."

"ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை?"

"ஜோபெர்ட் மோசடிக்காரன் இல்ல."

தேன் மாதிரிதான் இருந்தது குரல். வேறு சொல் ஒன்றே ஒன்று அகப்படாதா என்று அறிவிப்பாளன் ஏழு கேள்வி கேட்டுப் பார்த்தான். எங்கே வெட்டினாலும் அதேதான் மிஞ்சும். நான்காவது கேள்விக்குக் கூட்டமும் அவளோடு சேர்ந்து பதில் சொன்னது. ஏழாவதற்கு மாலின் மூன்று மாடியும் சொன்னது. பாவ்லோ முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி போனில் கத்திக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை நான்கு நிமிஷம்தான். "எடுத்தாச்சு மேடம். பட்டியல்ல அவர் பேர் இல்ல. இப்ப திருப்திதானே?"

ரெமியா மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஜோபெர்ட்டை அழைத்தாள். எடுத்தான். ஐஸ் உடைபடும் இரைச்சல் கேட்டது. அவனும் ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"டோட்டோ, தம்பி, ஒருத்தர் பேசணுமாம்" என்று ஸ்பீக்கரைப் போட்டு, போனை பாவ்லோவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

பாவ்லோ தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஜோபெர்ட், ரொம்ப வருத்தப்படறோம். அது எங்க தப்பு. நீங்க மோசடி எதுவும் பண்ணல. மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கம் ஐஸ் இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். ஜோபெர்ட்டின் குரல் தெளிவாக வந்தது.

"சார், இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா? செவ்வாக்கிழமை அந்த ஹால்ல நூத்தைம்பது பேர் சிரிச்சாங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

போன் அணைந்தது.

பாவ்லோ ரெமியாவின் பக்கம் திரும்பினார். அவள் மைக்கை எடுத்து அவர் கையில் திணித்தாள். மேடையின் மறுபக்கத்தில் ரோவெலும் அவன் ஆட்களும் எழுந்து பைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நூத்தைம்பதுல அஞ்சு பேர் அதோ கிளம்பறாங்க, சார்" என்றாள். "அங்கிருந்து ஆரம்பிங்க."