முப்பது டிகிரிக்குள் ஒரு முதுகு

தெருவே ‘பீரங்கி’ என்று கூப்பிடும் அந்த முன்னாள் ராணுவத்தாருக்கு ஒரு வினோத வழக்கம்: இடுப்பு வலித்தால் முகம் மலர்ந்துவிடும். வலி கூடக்கூடச் சிரிப்பும் அகலமாகும். இது அவர் மனைவிக்குத் தெரியும். முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குத் தெரியாது.

சென்ற ஆண்டுப் பரிசோதனையில் ‘குனியுங்கள்’ என்றதும் மனிதர் விறைப்பாகக் குனிந்து தரையையே தொட்டுவிட்டார். “வலிக்குதா?” என்று டாக்டர் கேட்டார். “இல்ல சார்” என்று இவர் வாயெல்லாம் பல்லாக நின்றார். பத்து சதவீத ஊனம் என்று தாள் வந்தது. தரையைத் தொட்டவரை வீடு கொண்டுவர, வாடகைக் காரின் பின் இருக்கையில் குறுக்காகக் கிடத்த வேண்டியிருந்தது.

நாளைக்கு மறுபரிசோதனை. நாற்பது சதவீதம் வந்தால் ஓய்வூதியம் கூடும்; கிடங்கில் பெட்டி தூக்கும் வேலையைத் தலைமுழுகிவிடலாம். வராவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் பெட்டிதான்.

அதற்காக மைத்துனன் முன்னறையில் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தான்.

“அத்தான், குனியறதுல முப்பது டிகிரிதான் கோடு. அதுக்குள்ள நின்னா நாற்பது சதவீதம். தாண்டிட்டா இருபதுதான். பாதி வழியில ‘அம்மா’ன்னு ஒரு முனகல் விடுங்க. இப்படி.”

அவன் விட்ட முனகலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. “யாருக்கு என்ன ஆச்சு?” என்றது ஒரு குரல்.

“பொய் ரிப்போர்ட் குடுக்கச் சொல்றியா?” என்றார் பீரங்கி. இருபது வருடம் பீரங்கிக்குக் கோணம் பார்த்துச் சொன்னவர்; குண்டு தூக்கித் தூக்கித்தான் முதுகும் போனது. “ஒரு டிகிரி தப்பாச் சொன்னா குண்டு நம்ம ஆளு தலையில விழும்டா.”

“இங்க குண்டு எங்க இருக்கு அத்தான்?”

“தலை இருக்கே, உன் தலை.”

மனைவி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ‘வலிக்குதா’ என்று யார் கேட்டாலும் ‘நீ கோழையா’ என்று கேட்டதாகத்தான் இவருக்குப் படும், பதில் ‘இல்லை’தான். ஆனால் ரிப்போர்ட் என்று வந்துவிட்டால் இவருக்குப் பொய் வராது. அந்த ஒரு சொல்லை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மைத்துனனை நடையில் கிடந்த குட்டை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கணவன் மனைவியை மட்டும் உள்ளே விட்டார்கள். டாக்டர் இளம்பெண். மேசையில் இரண்டு கை வைத்த பிளாஸ்டிக் கோணமானி இருந்தது.

“ஷூ லேஸ் நீங்களே கட்டிக்குவீங்களா?”

“கட்டிக்குவேன் மேடம்.”

“பொய் ரிப்போர்ட்” என்றாள் மனைவி, சுவரைப் பார்த்தபடி.

பீரங்கியின் காது சிவந்தது. “கட்டுறது இவங்கதான் மேடம். நான் மேற்பார்வை.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சரி, குனிங்க. வலிச்சா சொல்லுங்க” என்றார்.

பீரங்கி குனிந்தார். உதட்டோரம் மலரத் தொடங்கியது. மனைவி குறுக்கே வந்தாள்.

“டாக்டரம்மா, கொஞ்சம் நிறுத்துங்க. வலியைக் கேட்டா இவரு சொல்ல மாட்டாரு, தரைக்கே போயிடுவாரு. ‘கோணம் என்ன, ரிப்போர்ட்’னு கேளுங்க.”

டாக்டர் அவளை ஒருமுறை பார்த்தார். அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “கோணம் என்ன? ரிப்போர்ட்” என்றார்.

பீரங்கி நிமிர்ந்து முதலிலிருந்து தொடங்கினார். “பத்து, சரி. இருபது, சரி. முப்பத்தஞ்சு... வலி ஆரம்பம்.”

கோணமானியும் அதையே சொன்னது. அவள் முந்தானையைத் திருகினாள். ஒருவழியாக உண்மை வெளியே வந்தால், அது கோட்டைத் தாண்டி நிற்கிறதே.

“இன்னும் ரெண்டு தடவை குனிங்க” என்றார் டாக்டர். “ஒரு தடவை யாரும் சமாளிச்சுடலாம். நாள் பூரா உழைச்ச முதுகு எங்க நிக்குதுன்னுதான் பாக்கணும். மூணாவதுதான் நான் எழுதுவேன்.”

இரண்டாவது, முப்பத்திரண்டு. மூன்றாவதில் நெற்றி வியர்த்தது, சிரிப்பு காதுவரை போனது. “வலி ஆரம்பம்” என்றார், குரல் உள்ளே போய்.

“இருபத்தெட்டு” என்றார் டாக்டர்.

“இல்ல மேடம்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே பெட்டி பெட்டியாகத் திங்கட்கிழமை தெரிந்தது.

“இருபத்தொன்பது” என்றார் பீரங்கி.

டாக்டர் மறுபடி வைத்துப் பார்த்தார். “இருபத்தெட்டேதான்.”

“அப்படியா?” பீரங்கியின் முகம் விழுந்தது. “இத்தனை வருஷத்துல முதல் பிசகு.”

“யார் தலையிலயும் விழல, விடுங்க” என்று அவர் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தினாள் அவள்.

“நான் டிகிரிதான் எழுதுவேன், சதவீதம் ஆபீஸ் போடும்” என்று டாக்டர் எழுதியபடியே சொன்னார். “ஆனா இருபத்தெட்டுக்கு நாற்பதைத் தவிர வேற எதுவும் அவங்களால போட முடியாது.”

வெளியே வந்ததும் மைத்துனன் பெஞ்சிலிருந்து எழுந்தான், பாதியில் நின்றுவிட்டான். அத்தனை நேரம் குட்டை பெஞ்சில் மடங்கிக் கிடந்த இடுப்பு பிடித்துக்கொண்டது. “அம்மா...”

பீரங்கி நின்று, தலையைச் சாய்த்து அவன் முதுகை அளந்தார்.

“நாற்பத்தஞ்சு டிகிரி. உனக்கு இருபது சதவீதம்தான்டா, வா.”