ஜாடிக் கோதுமை

அந்த மாவு மில்லில் கோதுமையை நிறம் பார்த்துப் பிரிக்கும் மெஷின் அவள் பொறுப்பு. கருத்தது, பூஞ்சை பிடித்தது, மழையில் வெளுத்தது என்று கேமரா கண்டுபிடித்த மணியைக் காற்று ஒரே தட்டாகத் தட்டி வெளியே தள்ளிவிடும். அவள் கண்ணிலும் எதுவும் தப்பாது. மில் முழுக்க அவளுக்குக் 'கழுகு' என்று பேர். அதில் அவளுக்குப் பெருமைதான்.

முதலாளி அவள் சித்தப்பா. அன்று காலை அவர் முகத்தில் ஈயாடவில்லை. மாவில் கரும்புள்ளி இருக்கிறதென்று ரொட்டி ஆலைக்காரர் போன முறை மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாளைக்கு அவரே நேரில் வருகிறார். மறுபடியும் புள்ளி தெரிந்தால் வேறு மில்லுக்குப் போய்விடுவார். அவரை விட்டால் பெரிய வாடிக்கை கிடையாது.

"பாதிக் கோதுமை கழிவுல விழுதும்மா. கெடுபிடியைக் கொஞ்சம் குறைச்சு வையேன்."

"போன தடவை நீங்க குறைச்சதாலதான் புள்ளி வந்துச்சு. பொறுங்க."

கழிவிலிருந்து ஒரு பிடி அள்ளி நீலத் தட்டில் பரப்பினாள். முக்கால்வாசி நல்ல மணி. ஒவ்வொரு லோடுக்கும் நல்ல மணி எது என்று மெஷினுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். நேற்று அவள் லீவு.

"நேத்து இதுக்கு எதைக் காட்டினீங்க?"

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "நம்ம ஜாடிக் கோதுமையைத்தான். அதைவிட ஒசத்தி எது இருக்கு?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மில் தொடங்கியபோது வந்த முதல் லோடிலிருந்து கண்ணாடி ஜாடியில் எடுத்து வைத்தது அது. அவர் மேசைமேல், ஜன்னலோரம், வருஷக்கணக்காக வெயில் காய்ந்து பழுப்பேறிவிட்டது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். தினமும் பார்க்கிறவருக்கு நிறம் மாறியது எங்கே தெரியப் போகிறது? அந்தப் பழுப்பையே நல்ல நிறமென்று எடுத்துக்கொண்டு மெஷின் நல்ல மணியைத் தள்ளியிருக்கிறது.

அந்த லோடிலேயே நல்லதையும் கெட்டதையும் கையால் பொறுக்கி மெஷினுக்குக் காட்டினாள். கழிவு சட்டென்று இளைத்தது. விழுந்ததெல்லாம் கருப்பும் வெளுப்பும்தான்.

"இனிமே நிம்மதியா தண்ணி தெளிச்சு அரைக்கறதுக்கு ஊற வைங்க. நாளைக்கு நான் பாத்துக்கறேன்," என்றாள்.

மறுநாள் ரொட்டி ஆலைக்காரர் புது மாவைப் பலகையில் அழுத்தி, பலகையோடு தண்ணீரில் முக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்துக்குக்கூடப் புள்ளி இல்லை. "இதே மாவு வாராவாரம் வரணும்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சித்தப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் தன் ஜாடிக் கோதுமையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஜாடியைத் தூக்கி வந்து அவரே மெஷினில் கொட்டினார். அத்தனையும் கழிவில் விழுந்தது. அவர் முகம் வாடியதைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"மாட்டுத் தீவனத்துக்கு ஆகும், சித்தப்பா."

அவர் போய் ஜாடியைக் கழுவித் துடைத்து எடுத்து வந்து, அவள் மேசைமேல் வைத்தார்.

"அடுத்த லோடுல நல்லதா பாத்து நீயே போடு. எப்ப மாத்தணும்னும் நீயே சொல்லு."