துரைக்குப் பாட வராது

திருவொற்றியூர் ரயில் நிலையத்துக்கு எதிரில் பேனர் கட்டியிருந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். நின்றுதான் படிக்க வரும். 'தன் சாவுக்குத் தானே பாட்டுக் கட்டிய மாமேதை, கானா துரை நினைவு விழா.' கீழே துரையின் படம். அவன் கையில் ஒரு மைக்கை ஒட்டியிருந்தார்கள்.

துரை மைக்கைத் தொட்டதே இல்லை. துறைமுகத்தில் கப்பல் சரக்கை இறக்குகிற வின்ச்சு ஓட்டியவன். அவன் இறக்கிய மூட்டையைச் சுமந்தவன் நான். வேலை நடுவே அவன் வாயைத் திறந்து ஒரு வரி இழுத்தால் போதும், "டேய், கப்பல் ஹாரன் அடிக்குது, சோறு துன்ன வாங்கடா" என்று எங்கள் கேங் ஆட்கள் கத்துவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். தங்கமான ஆள். ஆனால் பாட வராது.

அந்தப் பாட்டைக் கட்டியவள் கெங்கம்மா.

கெங்கம்மாவும் துறைமுகத்தில் கரிக்கூடை சுமந்தவள்தான். கரித்தூள் ஏறி ஏறி அவள் குரல் ஆண் குரல் மாதிரி கரகரத்துப் போயிருந்தது. வேலை முடிந்து குளித்து, வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குக் கிளம்புவாள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்த வீட்டுக்கும் போவாள். கோயிலுக்குப் போகிற வீடா, சர்ச்சுக்குப் போகிற வீடா, புத்தர் படம் மாட்டிய வீடா என்று பார்க்க மாட்டாள். டோலக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான் போவேன்.

போனதும் பாடிவிட மாட்டாள். வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து, "அவுங்க கையி இன்னா வேல செஞ்சிது? எத்த சொல்லி சிரிப்பாங்க?" என்று கேட்பாள். அழுதுகொண்டே அவர்கள் சொல்வதைக் கேட்பாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்திருக்கும்போது பாட்டு தயாராக இருக்கும்.

மற்ற கானாக்காரர்கள் கடைசி அடியில் தங்கள் பேரைப் போட்டுக்கொள்வார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கெங்கம்மா அந்த இடத்தில் செத்தவர் பேரைப் போடுவாள். கூடியிருக்கிறவர்கள் அந்த அடியைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். அதற்கப்புறம் அந்தப் பேரை வைத்து யாரும் பாடக் கூடாது. அடுத்த சாவுக்கு அடுத்த பேர், அடுத்த வேலை. அவள் போட்ட சட்டம் அது.

"ஒரு ஆள ஒரு வாட்டிதான் அனுப்பணும் நைனா" என்பாள் என்னிடம். "திருப்பித் திருப்பி அனுப்புனா அதுக்கு பேரு தொரத்துறது."

துரை நெஞ்சடைத்துச் செத்தபோது அவன் வாசலில் அவள் பாடியது இது:

கப்பலு வந்து நிக்குது கரையில
கையி ரெண்டும் கெடக்குது தரையில
வின்ச்சு கேக்குது யாரு இழுப்பான்னு
துரை போயிட்டான், சொல்லு கடலுகிட்ட.

யாரோ ஒருவன் அதை டேப்பில் பிடித்துவிட்டான். கேசட்டு ஆட்டோவுக்கு ஆட்டோ மாறிப் போனது. கேட்டால் ஆண் குரல் மாதிரி இருக்கிறது, கடைசி அடியில் துரை என்று வருகிறது. பாடியவன் துரை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. 'போயிட்டான்னு வருதே' என்று யாராவது இழுத்தால், சாவு வரப்போவது தெரிந்து முன்கூட்டியே கட்டி வைத்தான் என்று ஒரு கதை சொன்னார்கள். சந்தேகம் தீர்ந்ததோடு துரைக்கு மகான் பட்டமும் கிடைத்தது.

கெங்கம்மா சும்மா இருக்கவில்லை. ராயபுரத்தில் ஒரு கேசட்டுக் கடைக்குப் போய், இது என் பாட்டு என்றாள். "பொம்பள எங்கனா கானா பாடுவாளா?" என்றார் கடைக்காரர். அங்கேயே நின்று பாடிக் காட்டினாள். கடைக்காரர் அசந்துபோய், "அப்டியே துரை மாதிரியே பாட்றியேம்மா!" என்று பாராட்டி அனுப்பினார்.

இன்றைக்கு டோலக் கற்றுக்கொள்கிற எவனும் முதலில் தட்டுவது அந்தத் தாளத்தைத்தான். கல்யாண ஊர்வலத்தில் அந்த மெட்டு. சினிமாவிலும் வேறு சொல் போட்டு அந்த மெட்டு வந்துவிட்டது. கெங்கம்மா பேர் எங்கேயும் இல்லை.

கொரோனா காலத்தில் அவள் ஆஸ்பத்திரியில் செத்தாள். முகம்கூடத் தெரியாமல் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நாலைந்து பேர் எட்ட நின்று பார்த்தோம். அக்கம்பக்கத்துச் சாவையெல்லாம் பாடி அனுப்பியவளைப் பாடாமல் அனுப்பினோம். பிறகு நான் டோலக்கை எடுக்கவில்லை.

கெங்கம்மாவின் மகள் ரமாபாய் 'கானா துரை கலைக்குழு'வில் பாடுகிறாள். குழுவை நடத்துவது துரையின் மகன் டில்லிபாபு. அந்த மேடைகளை நம்பித்தான் ரமாபாய் வீட்டு அடுப்பு எரிகிறது. விழாவுக்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, நாளைக்கு டோலக்கு நீ தட்டணும்."

"என் கையப் பாரு, எங்க வளையுது? டில்லிகிட்ட நல்ல பசங்க கீறாங்களே."

"அவுனுங்க துரைக்கு தட்டுவானுங்க. எங்கம்மாவுக்கு நீதான் தட்டணும்."

மூலையில் கிடந்த டோலக்கைப் பார்த்தேன். அப்புறம் புரிந்தது.

"அந்த பாட்டுல அம்மா பேர போடப் போறியா?"

"சாவுல போடாம வுட்டுட்டோம் இல்ல? பாக்கி நிக்குது மாமா. அவளதான் இன்னும் யாரும் அனுப்பல."

"டில்லி வுடுவானா?"

"அவன்கிட்ட சொல்லிட்டுதான் பாடுவேன். திருட்டுத்தனமா எதுக்கு பாடணும்? எங்கம்மா சொத்து அது."

மறுநாள் சாயங்காலம் கடற்கரை ஓரம் மேடை. எண்ணூர்ப் பக்கமிருந்து புகை சாய்ந்து வந்துகொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் டில்லிபாபு என் தோளில் டோலக்கைப் பார்த்துவிட்டு, "இன்னா சித்தப்பா, ரிட்டயர்டு ஆளு திரும்ப டூட்டியா?" என்று சிரித்துக்கொண்டே வந்தான். ரமாபாய் விஷயத்தைச் சொன்னாள். சிரிப்பு நின்றது.

"கப்சா வுடாத ரமா. ஊருக்கே தெரியும் இது எங்கப்பா பாட்டு. சித்தப்பா, நீயாவது சொல்லேன்."

"இத்தினி வருசமா சொல்லிகினுதான்டா கீறேன். உன் ஸ்பீக்கர் சத்தத்துல உன்கு எங்க கேட்டுது?"

அவன் அவள் பக்கம் திரும்பினான். "இத்த மாத்தி பாடனா இதான் உன்கு கடைசி மேட."

"கடைசினா கடைசி."

"எங்கப்பா என்கு இன்னா வச்சிட்டு போனாரு? வூடா, வாசலா? இந்த பேரு ஒன்னுதான். அத்தயும் புடுங்கிக்கினா நா யாரு ரமா?"

"உங்கப்பா பேர யாரு கேட்டா? எங்கம்மா பேர நா எடுத்துக்கினு போறேன்."

அவள் மேடை ஏறிவிட்டாள். நானும் ஏறினேன். முன்வரிசையில் துரையின் மனைவி செங்கொடி, வருஷா வருஷம் போர்த்துகிற சால்வையோடு உட்கார்ந்திருந்தாள். எங்கே ஸ்பீக்கர் வைத்தாலும் புருஷன் செத்த பாட்டு. பேரன் காதுகுத்தில்கூட அதைப் போட்டார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடாமல் எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ரமாபாய் மைக்கில் சொன்னாள். "எல்லாருக்கும் வணக்கம். இந்த பாட்ட கட்டனது எங்கம்மா கெங்கம்மா. கரி தூக்குனவ. அவ சாவுக்கு யாரும் பாடல. நா இப்ப பாட்றேன்."

கூட்டத்தில் ஒருவன், "யம்மா, துரை பாட்ட போடும்மா, பேஜார் பண்ணாத!" என்று கத்தினான். விசில் பறந்தது. நான் டோலக்கைத் தட்டினேன். விரல் வலித்தது. தாளம் மறக்கவில்லை.

டோலக்கு வந்து குந்திச்சு வாசல்ல
தொண்ட மட்டும் கெடக்குது பாயில

மைக் செத்தது. டில்லிபாபு ஸ்பீக்கர்காரனுக்குக் கையைக் காட்டி நிறுத்தியிருந்தான். ரமாபாய் மைக்கை ஒரு தடவை பார்த்தாள். கீழே வைத்தாள். மேடையை விட்டு இறங்கி மணலில் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றாள். சாவு வீட்டில் ஏது மைக்? நானும் டோலக்கோடு இறங்கினேன். அம்மாவின் அதே கரகரத்த குரல் கடல் சத்தத்துக்கு மேலே வந்தது.

பாட்டு கேக்குது யாரு கட்டுவான்னு
கெங்கம்மா போயிட்டா, சொல்லு கடலுகிட்ட.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் அதே அடியை மறுபடி பாடினாள். மூன்றாம் தடவையும் பாடினாள், தலை குனியாமல்.

டில்லிபாபு கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளைத் தடுக்க வந்தான். செங்கொடி எழுந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"உங்கப்பாவ எத்தினி வாட்டிடா சாவடிப்ப? கல்யாணத்துல ஒரு வாட்டி, காதுகுத்துல ஒரு வாட்டி. அந்த மனுசனுக்கு பாடவே வராதுடா! என் வாசல்ல நின்னு அவர அனுப்பிச்சு வச்சது கெங்கம்மா. நா பாத்தேன். நா சொன்னா நீ எங்க கேட்ட?"

அவனை விட்டுவிட்டு ரமாபாய் பக்கம் வந்தாள். சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, சாவு வீட்டில் சொல்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்: "கெங்கம்மா போயிட்டா, சொல்லு கடலுகிட்ட."

பின்னால் கரி சுமந்த கிழவிகள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். மீன் ஏலம் விடுகிற பெண்கள் சேர்ந்தார்கள். கடைசியில் விசிலடித்த பையன்களும் சேர்ந்தார்கள். கெங்கம்மா யாரென்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் மெட்டு பிறந்ததிலிருந்து தெரியும்.

டோலக்கை நிறுத்தினேன். இனிமேல் அந்த அடியில் துரை பேரும் வராது, கெங்கம்மா பேரும் வராது. இரண்டு பேரும் போயாகிவிட்டது.

டில்லிபாபு மணலில் குந்தியிருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்ப எங்கப்பா யாரு சித்தப்பா?" என்றான்.

"வின்ச்சுக்காரன்டா. அவன் எறக்குன சரக்கு ஒரு ஆள் கால்லகூட வுழுந்தது கெடையாது. நா உயிரோட கீறேனே, அதான் சாட்சி. அத்த போடு பேனர்ல."

அவன் எழுந்து மணலைத் தட்டிவிட்டான். ரமாபாயைத் திரும்பக் கூப்பிடவில்லை. அவளும் அதற்காக நிற்கவில்லை. இரண்டு பேரும் ரயில் நிலையத்துக்கு நடந்தோம்.

"குழுவுலேர்ந்து எடுத்துட்டான் மாமா."

"பாட்டையும் எடுத்துட்டானா?"

"அத்த எப்டி எடுப்பான்?"

டீக்கடையில் விழாவுக்கு வந்த பையன்கள் சிலர் பெஞ்சைத் தட்டி அந்த நாலு வரியைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கேட்டான், "யார்ரா மச்சான் இந்த கெங்கம்மா?"

"தெரியாதா உன்கு? தன் சாவுக்கு தானே பாட்டு கட்டி வச்சிட்டு போனவங்கடா. பெரிய ஆளு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரமாபாய்க்கு வரவில்லை. என் கையிலிருந்த டோலக்கை வாங்கிக்கொண்டு நேராக அந்தப் பெஞ்சுக்குப் போனாள்.

"தானா கட்டிக்கல தம்பி. மொத பாட்டும் மெட்டும் அவளுது, நீங்க பாட்ற இந்த நாலு வரி நா கட்டனது. அவ பொண்ணு. என் பேரு ரமாபாய்." டோலக்கைப் பெஞ்சின் மேல் வைத்தாள். "இப்ப சொல்லு. யாரு கட்டனா?"