மொட்டை மாடிக் கணக்கு

மாடியில் சோலார் போடலாமா வேண்டாமா என்கிற பேச்சு அந்த வீட்டில் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. போடலாம் என்றவள் தையல்காரி. முன்னறையில் நாலு மெஷினும் ஓர் அயர்ன் பாக்ஸும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கரண்டைக் குடிப்பவள். வேண்டாம் என்றவர் அவள் புருஷன். கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். தீப்பெட்டி வாங்கினாலும் நாலு கடை விசாரிக்கிற ரகம்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு வருஷத்துக் கரண்ட் பில்லை அடுக்கி வைத்துக் கூட்டிப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எதுவரை நீள்கிறது என்று, துணிக்குப் போடும் சாக்கட்டியாலேயே மாடித் தரையில் கோடு கிழித்தாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு புருஷனும் வெயிலில் நின்றார்.

சோலார் கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "நான் சொல்ல வேண்டியதையெல்லாம் நீங்களே சொல்லிட்டீங்கக்கா. ஏழு வருஷத்துல போட்ட காசு திரும்பிடும். அப்புறம் வர்றதெல்லாம் லாபம்தான்" என்றார்.

"ஏழு வருஷம் ரொம்ப ஜாஸ்தி. நமக்கு லாபம் வராது" என்றார் புருஷன்.

"நாம எங்க போகப் போறோம்?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். கஞ்சத்தனம் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

கடைசியில் அவளே விண்ணப்பத்தோடு மின்சார அலுவலகத்துக்குப் போய் நின்றாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் இணைப்பு எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

"போன மாசமே பேர் மாத்தியிருக்கும்மா. வீட்டு ஓனர் வந்து கையெழுத்துப் போடணும்."

"ஓனர் எங்க வீட்டுக்காரர்தாங்க."

அந்த அம்மாள் திரையைத் திருப்பிக் காட்டினாள். புருஷனுடைய அண்ணன் பெயர் இருந்தது.

பத்து வருஷம் கண் எரியத் தைத்துத் தைத்து அவள் கடன் அடைத்த வீடு அது. பத்திரம் யார் பேரில் இருந்தால் என்ன என்று அன்றைக்கு விட்டதும் அவள்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

"அண்ணன் கடை முழுகுற நிலைமை. பேங்க்ல வைக்க வீடு கேட்டார். எழுதிக் குடுத்து நாலு மாசம் ஆச்சு. சொன்னா நீ ஒத்துக்க மாட்டே."

"அப்புறமும் மூணு மாசமா எங்கூட உக்காந்து கணக்குப் போட்டீங்க."

"நான் பொய் சொல்லலையே. நமக்கு லாபம் வராதுன்னு அன்னைக்கே சொன்னேன்."

வீடு போனதைக்கூட என்றைக்காவது பொறுத்துக்கொள்ளலாம். தன்னை முட்டாளாக நிற்க வைத்து வேடிக்கை பார்த்துவிட்டு, அதை நேர்மை என்று வேறு சொல்கிறாரே, அதை எப்படிப் பொறுப்பது?

போன் அடித்தது. சோலார் கம்பெனிக்காரர்தான்.

"எப்பக்கா வேலையை ஆரம்பிக்கலாம்? கணக்குல ஏதாச்சும் சந்தேகமா?"

"கணக்கு சரிதான் தம்பி. இருங்க, இவர்கிட்ட குடுக்கறேன். வீடு யாரோடதுன்னு இவரே சொல்லுவார்."

போனைப் புருஷனிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளும் கையை மடக்கவில்லை.