ரோஸ் மாத்திரை

கூடத்தில் அம்மாவின் உடலைக் கிடத்தியிருக்கும்போதே, அப்பா மகளை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பீரோவில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்துக் கொடுத்தார்.

"மெடிக்கல்காரன் தப்பா குடுத்துட்டான். திருப்பிக் குடுத்துடு, யாருக்காவது உதவும்."

உள்ளே இரண்டு அட்டை வெள்ளை மாத்திரைகள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. பெயரைப் படித்தாள். அம்மாவின் இதய மாத்திரை. போன மாதம் அவள்தான் வாங்கி வந்தாள். மருந்து அதேதான், கம்பெனி வேறு, நிறம் மாறியிருக்கும், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு, பையை வாசலிலேயே அப்பாவிடம் நீட்டிவிட்டு ஆபீசுக்கு ஓடினாள். அப்படி என்ன தலைபோகிற அவசரம்!

அப்பா நாற்பது வருஷம் லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். அட்டையின் பொடி எழுத்து அவருக்குத் தெரியாது, நிறம் தப்பாது. காலையில் ரோஸ், மத்தியானம் மஞ்சள், ராத்திரி பாதி பச்சை. இதில் வெள்ளைக்கு இடமே இல்லை.

"ரோஸை டாக்டர் நிறுத்திட்டார் போலன்னு நெனச்சேன். நீயே ஓடிக்கிட்டு இருக்க, ஒன்ன எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு கேக்கல" என்றார். "மத்தது ஒரு வேளை தப்பலம்மா."

வெளியே அண்ணன், வருகிறவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாராம். வேளாவேளைக்கு மருந்து கொடுத்தாராம். உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் இன்றைக்கே உடைந்துபோவார். சொல்லாவிட்டால் இதை வயிற்றில் கட்டிக்கொண்டு காலம் முழுக்க இவர் முகத்தில் விழிக்க வேண்டும்.

"அது என்ன மாத்திரை?"

"சும்மா, சத்து மாத்திரைப்பா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்பா கட்டிலில் உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு ஒண்ணு குடு. நேத்துலேர்ந்து நிக்க முடியல."

கையை நீட்டினார். அவள் அந்த உள்ளங்கையையே பார்த்தாள்.

"தண்ணி கொண்டாறேன்" என்று உறையோடு சமையலறைக்குப் போனாள். கூடத்தைக் கடக்கும்போது அம்மாவின் பக்கம் திரும்பவில்லை.

"தண்ணி வரலையாம்மா?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

குழாய் திறந்துதான் இருந்தது. டம்ளர் நிறைந்து அவள் மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது.