ஆஸ்டின் காருக்கு ஒரு சலாம்

எங்கள் அக்கா வீட்டுக்காரர் ஓஸ்வால்டுக்குக் கார் வந்து மூன்று மாதமாகிறது. மூளை இன்னும் வரவில்லை.

கார் என்றால், கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுச் சென்ற கிழட்டு ஆஸ்டின். இரண்டு கை மாறி இவரிடம் வந்து சேர்ந்தது. "ஆஸ்டின் டவுன்ல ஆஸ்டின் காரு! ஊருக்கே நம்ம காரு பேர வச்சிருக்கான், பாத்தியா பெட்டி?" என்று, பெட்டி என்று பேர் வைக்கப்பட்ட என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். சிரிக்கும் வரைக்கும் விடமாட்டார்.

அதற்கு முன் வருடக் கணக்காகச் சைக்கிளில் ஆபீஸ் போனவர்தான். அப்போது கார்க்காரர்கள் எல்லாரும் திமிர் பிடித்தவர்கள். இப்போது சைக்கிள்காரர்கள் எல்லாரும் குருடர்கள், ஜட்காக்காரர்கள் குடிகாரர்கள். நடந்து போகிறவர்களை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ரோடு முழுக்க மாமனார் கொடுத்த சீர் என்பதுபோல ஓட்டுவார். அந்த மாமனார் என் அப்பா. அவர் கொடுத்தது சைக்கிள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வந்திருந்தார் என்று சொல்ல வேண்டும். ஞானசேகரன் தனியாகத்தான் வந்தார். சர்வே ஆபீசில் வேலை, விவேக் நகரில் வீடு. எனக்கு முப்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். இதற்கு முன் வந்தவர்கள் என் வயதைக் கேட்டதும் காபியை அவசரமாகக் குடித்தார்கள். இவர் நிதானமாகக் குடித்தார். நான் என்ன பாடம் எடுக்கிறேன் என்று கேட்டார், பதிலையும் காது கொடுத்துக் கேட்டார். எனக்குப் பிடித்துவிட்டது. சமையலறையில் பிரிஜெட் அக்காவிடம் சரி என்று சொல்லியும்விட்டேன். அக்கா அழுதாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஓஸ்வால்டு மாமாவுக்குக் காரைக் காட்டியாக வேண்டும். "கோவிலுக்குப் போய் எல்லாரும் ஒரு ஜெபம் பண்ணிட்டு வந்துடலாம், மிஸ்டர் ஞானசேகரன்" என்றார். கர்த்தருக்கே கார் காட்டுகிற ஆள். அவரும் மாப்பிள்ளையும் முன்னால், நானும் அக்காவும் பின்னால்.

ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் மரநிழல் விழுந்த ரோடு. எதிரே ஒரு குதிரைக்காரர் உயரமான பந்தயக் குதிரை மேல் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பால்காரர் சைக்கிளில், பெல்லைக்கூட அடிக்காமல், இடம் விட்டுப் பொறுமையாக வந்தார். எங்கள் காரைப் பார்த்ததும் குதிரை காதை மடக்கிப் பக்கவாட்டில் நகர்ந்தது. குதிரைக்காரர் கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டி, மெல்ல மேலும் கீழும் அசைத்தார். மெதுவாக வா என்று அர்த்தம். பச்சைக் குழந்தைக்கும் புரியும்.

மாமா பூரித்துப் போனார். "பாத்தீங்களா மிஸ்டர்! காரப் பாத்ததும் சலாம் வைக்கிறான்!"

ராணுவ ஸ்டோர் ஆபீசில் துரைமார்களுக்குக் காலையும் மாலையும் சலாம் வைத்தே தேய்ந்த கை மாமாவுடையது. வெள்ளைக்காரன் போய் ஏழு வருடமாகியும் தனக்கு யாராவது வைக்கமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவர். உடனே ஒரு கையால் பதில் சலாம் வைத்தார். மறு கையால் ஹாரனை அழுத்தினார். ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு பரிசுத்த ஆவிக்குப் போனது.

குதிரை முன்னங்காலைத் தூக்கி நின்றது. குதிரைக்காரர் தரையில் விழுந்தார். விழுந்தும் கடிவாளத்தை விடவில்லை. பால்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து குதிரையைப் பிடித்தார்.

அக்கா போட்ட சத்தத்தில் மாமா கொஞ்ச தூரம் தள்ளிப் பிரேக் போட்டார். "குதிர ஏறத் தெரியாதவன்லாம் ரோட்டுக்கு வந்துட்றான்" என்றார். குரல் நடுங்கியது.

"இறங்கிப் போய்ப் பாருங்க மாமா" என்றேன். அவர் அசையவில்லை. அவரிடம் நான் எதையும் எதிர்பார்த்ததுமில்லை. ஞானசேகரனைப் பார்த்தேன். அவர் இறங்குவார் என்று நிச்சயமாக நினைத்தேன்.

அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பிறகு, காபி நல்லா இருக்கு என்று சொன்ன அதே நிதானமான குரலில் சொன்னார்: "அப்படியே போயிடலாம் சார். நம்பரப் பாத்திருக்க மாட்டான்."

மாமா முட்டாள். முட்டாளுக்காவது குரல் நடுங்கியது. இந்த மனிதருக்கு ஒரு மயிரும் நடுங்கவில்லை. இந்தக் குரலையா நான் காலை முழுக்க மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்? அருவருப்பாக இருந்தது. கதவைத் திறந்து இறங்கினேன். அக்கா என் முந்தானையைப் பிடித்தாள். உருவிக்கொண்டு நடந்தேன்.

குதிரைக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. என் கைக்குட்டையால் கட்டுப் போட்டேன். காரில் இருந்தபடியே ஞானசேகரன் கூப்பிட்டார்: "பெட்டி, வந்துடுங்க. நமக்கெதுக்கு வம்பு?"

குதிரைக்காரர் காரைப் பார்த்தார். "யாரும்மா அவுரு? உங்க வூட்டுக்காரரா?"

"ஆகறதா இருந்துச்சு" என்றேன், கார் வரைக்கும் கேட்கும்படி. "இப்ப இல்ல."

ஞானசேகரனுக்குக் கேட்டிருக்க வேண்டும். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.